ஓய்வுப் பொழுது: மேசையைச் சுற்றி ஒரு கதை

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் நாள் முழுவதும் எத்தகைய தமிழ் ஒலிக்கிறது என்று செவிகொடுத்துக் கேட்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். "எழுந்திரு", "பல் துலக்கு", "சாப்பிடு", "சீக்கிரம் கிளம்பு", "விளக்கை அணை", "படு" என்று பிள்ளைகளின் காதில் விழும் தமிழ் பெரும்பாலும் ஏவல் வினையாகவே இருக்கிறது. அவ்வேவலுக்குப் பிள்ளைகள் அளிக்கும் விடையோ "சரி", "அப்புறம்", "வேண்டாம்" என்னும் மூன்று சொற்களுள் அடங்கிவிடுகிறது. ஏவலை மட்டும் கேட்டு வளரும் குழந்தைக்கு மொழி புரியும். ஆனால் அம்மொழியில் வாதாட வராது, பேரம் பேச வராது, ஒருவரை ஆறுதல்படுத்த வராது, கதை கட்ட வராது. அவற்றையெல்லாம் அக்குழந்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ செய்துகொள்ளும்.

மந்திர் மார்க் வாசிகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1923-இல் மதராஸிப் பள்ளியாக வேர்விட்டு, இன்று ஏழு பள்ளிகளாகக் கிளைத்துள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இத்தெருவிலேயே இருக்கிறது. ரீடிங் ரோடு என்று வழங்கிய இத்தெரு மந்திர் மார்க் ஆயிற்று, தலைமுறைகள் மாறின, பள்ளி தன் கடமையைச் செய்து வருகிறது. ஆயினும் எழுத்தையும் இலக்கணத்தையும் பள்ளி கற்பிக்கலாமேயன்றி, வீட்டுக் கூடத்தில் நிகழவேண்டிய உரையாடலைப் பள்ளி நடத்த இயலாது. அது நம் பொறுப்பு.

ஆதலின் இத்திங்கள் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். விளையாட்டைப் பற்றி எழுத ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் வினவக்கூடும். இரண்டு குளிர்காலங்களாக நம் இல்லத்துப் பாயில் ஞாயிறுதோறும் இது நடைபெற்று வருகிறது என்பதே நம் தகுதி. மேலும், தில்லிப் பிள்ளைகள் வீட்டினுள் அடைபட்டுக் கிடக்கும் நாள்கள் குறைவல்ல. மே, ஜூன் திங்கள்களில் வெயில், நவம்பரில் புகைமூட்டம். 2023 நவம்பரில் காற்று மாசு மிகுந்ததால் குளிர்கால விடுமுறையையே முன்னதாக அறிவிக்க நேர்ந்தது. அந்நாள்களில் பிள்ளைகள் கைப்பேசியைத் தஞ்சமடைவதற்கு மாற்று ஒன்று வேண்டும்.

விளையாட்டு யாது?

ஆங்கிலத்தில் இதனை ரோல் பிளேயிங் கேம் என்பர். பாத்திரமேற்று ஆடும் ஆட்டம் என்பது பொருள். நாம் இங்குச் சுருக்கமாகக் 'கதையாட்டம்' என்று வழங்குவோம். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் கதையில் வரும் ஆளாகத் தம்மைப் பாவித்துக்கொள்வர். நடத்துபவர் ஒரு சூழ்நிலையை விவரித்து, "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். ஒவ்வொருவரும் தாம் ஏற்ற ஆள் செய்வதையும் பேசுவதையும் கூறவேண்டும். அச்செயல் எளிதாயின் அப்படியே நடந்துவிடும். நடக்குமோ நடவாதோ என்னும் ஐயம் எழுந்தால் பகடை உருட்டி முடிவு காண்பர். வென்றவர், தோற்றவர் என்பது இதில் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம். கதை முன்னே செல்வதே பயன்.

தெருக்கூத்தைக் கண்டவர்க்கு இது முற்றிலும் புதிதன்று. பாத்திரங்களை அறிமுகப்படுத்தி, இடையிடையே வினாவெழுப்பி, கூத்தை நகர்த்திச் செல்லும் கட்டியங்காரனை நினைத்துக்கொண்டால் போதும். கதை நடத்துபவரை நாமும் கட்டியங்காரர் என்றே அழைப்போம். கூத்தில் முடிவு முன்பே தெரியும். கதையாட்டத்தில் கட்டியங்காரருக்கும் தெரியாது. வேற்றுமை அவ்வளவே.

இதன் பிறப்பு போர்ப் பயிற்சியில் இருந்தது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் தந்தையும் மகனும் படையதிகாரிகளின் பயிற்சிக்காக மேசைமேல் ஆடும் போராட்டம் ஒன்றை வகுத்தனர். மகன் செப்பனிட்ட விதிகள் 1824-இல் வெளியாயின. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் முறையை ஒரு நூலாகவே எழுதினார். பின்னர் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர், படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு தனிமனிதன் என்று ஆட்டத்தை மாற்றி, 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற பெயரில் 1974-இல் வெளியிட்டனர். முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகள். இன்று அது உலகெங்கும் பரவியிருக்கிறது. 2016-இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்னும் தொடரில் சிறுவர்கள் ஆடுவது இதனையே; நம் பிள்ளைகளிற் பலர் இதனை அறிந்தது அத்தொடரின் வாயிலாகத்தான்.

பகடையும் நாமும்

பகடை என்றவுடன் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பர். பாரதக் கதையும், சூது என்னும் குறள் அதிகாரமும் அவர்கள் நினைவுக்கு வரும். அவ்வச்சம் நியாயமே, ஆனால் கதையாட்டத்தில் பணயம் இல்லை. பகடை இங்கே ஊழின் இடத்தில் நிற்கிறதேயன்றிப் பொருள் பறிப்பதற்கு அன்று.

பகடையோடு நமக்குள்ள உறவோ மிகப் பழையது. கீழடியில் சுடுமண்ணாலும் தந்தத்தாலும் ஆன பகடைகள் கிடைத்துள்ளன. மொகஞ்சதாரோவில் அகழ்ந்தெடுத்த ஆறுமுகப் பகடைகளில் ஒன்றுக்கு எதிரே இரண்டும், மூன்றுக்கு எதிரே நான்கும், ஐந்துக்கு எதிரே ஆறும் குறிக்கப்பட்டிருந்தன. இக்காலப் பகடையிலோ எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வரும். நம் பாட்டிமார் தாயக்கட்டை உருட்டியதையும், அது கிடைக்காதபோது புளியங்கொட்டையை ஒருபுறம் தேய்த்து வெண்மையாக்கி ஆடியதையும் நாம் அறிவோம். ஆடுபுலி ஆட்டத்திலோ மூன்று புலிக்கு ஒரு நீதி, பதினைந்து ஆட்டுக்கு ஒரு நீதி. ஆடாக அமர்ந்தவர் ஆட்டைப் போலச் சிந்திக்கவேண்டும். பாத்திரமேற்றல் என்பதன் வித்து அங்கேயே இருக்கிறது.

கதையாட்டத்திற்கு உரிய பகடைத் தொகுதி ஏழு பகடைகள் கொண்டது. நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் உடையவை ஒவ்வொன்று. பத்து முகமுடையவை இரண்டு. இவற்றுள் இருபது முகப் பகடையே தலையாயது. இதுவும் புதுமையன்று: பண்டை எகிப்தின் இருபது முகக் கற்பகடை ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தொகுதி கிடைக்காதவர் வருந்த வேண்டா. உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறை நமக்கு உண்டு. ஒன்று முதல் இருபது வரை எண்ணிட்ட சீட்டுகளை ஒரு செம்பில் இட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கலாம். எடுத்ததைத் திரும்ப இட்டுவிடவேண்டும், அவ்வளவே. கணக்கு ஒன்றுதான்.

தொடங்கும் முறை

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸின் அடிப்படை விதிகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆனால் முதல் நாளே அவற்றைப் படிக்கத் தொடங்கினால் அயர்ச்சியே மிஞ்சும். அவை ஆங்கிலத்திலும் இருக்கின்றன. முதல் மூன்று நான்கு ஞாயிறுகளுக்குக் கீழ்க்கண்ட எளிய முறை போதுமானது.

ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆளைத் தேர்ந்துகொள்ளட்டும். பாணர், வணிகர், படகோட்டி, மருத்துவச்சி, காவல் வீரர் என எதுவாகவும் இருக்கலாம். அரைத்தாளில் அந்த ஆளின் பெயர், ஊர், அவருக்கு வேண்டியது ஒன்று, அவர் அஞ்சுவது ஒன்று என நான்கு செய்திகள் எழுதவேண்டும். பிறகு வலிமை, விரைவு, பேச்சு என மூன்று திறன்கள். மூன்று, இரண்டு, ஒன்று என்னும் எண்களைத் தம் விருப்பப்படி இம்மூன்றுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். மூல விளையாட்டில் ஆறு திறன்கள் உண்டு. குழந்தைகளுக்கு மூன்று போதும்.

ஐயத்திற்குரிய செயல் ஒன்று வரும்போது கட்டியங்காரர் ஓர் இலக்கு எண்ணைக் கூறவேண்டும். எளியதற்குப் பத்து, நடுத்தரத்திற்குப் பதினைந்து, கடினமானதற்கு இருபது. ஆடுபவர் இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணுடன் உரிய திறனைக் கூட்டுவார். கூட்டுத்தொகை இலக்கை எட்டினால் செயல் கைகூடும். பேச்சில் மூன்று உடைய பாணர் பதினைந்தை எட்ட வேண்டுமாயின் பகடையில் பன்னிரண்டோ அதற்கு மேலோ விழவேண்டும். அதாவது இருபதில் ஒன்பது வாய்ப்பு, நூற்றுக்கு நாற்பத்தைந்து. தாயக்கட்டையில் தாயம் விழுவது எட்டில் ஒரு வாய்ப்புத்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் பாணரின் நிலை மோசமில்லை. பிள்ளைகள் இக்கணக்கைத் தாமாகவே போடத் தொடங்குவர். நாம் கணக்குப் பாடம் என்று சொல்லாதிருப்பது நன்று.

அடுத்து, கதை. அரக்கனும் பாதாளக் குகையும் வேண்டுமென்பதில்லை. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் புலிச்சின்னம் பொறித்த மூட்டைகள் குவிந்து கிடந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. அம்மூட்டைகளில் ஒன்று இரவோடிரவாகக் காணாமற் போயிற்று என்று தொடங்குங்கள். கதை தானே ஓடும். ரயில்வேக்காரராகிய நமக்குப் பிடித்தது வேறொன்று. 1929 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில், நள்ளிரவில், இதார்சி கடந்த பின் உரிமையாளர் இல்லாத தகரப் பெட்டி ஒன்று இருக்கைக்கடியில் கிடக்கிறது. ஊருக்குப் போய்வந்த பிள்ளைகள் அனைவருக்கும் அப்பெட்டியும் அவ்விருக்கையும் கண்முன் தோன்றும்.

ஆட்டம் எப்படி நடக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. துறைமுகக் கதை. கட்டியங்காரர் வீட்டு அம்மா. மூத்தவள் பாணினி; இளையவன் படகோட்டி; அண்டைவீட்டுச் சிறுவன் வணிகன்.

"சுங்கச் சாவடி வாசலிலே காவலாளி நிற்கிறான். கையிலே தீவட்டி. 'இந்த நேரத்தில் யாருக்கும் அனுமதி இல்லை' என்கிறான். என்ன செய்கிறீர்கள்?"

"அம்மா, நான் பாடட்டுமா? அவன் பாட்டுக் கேட்கிற நேரத்தில் தம்பி பின்பக்கமாகப் போகட்டும்."

"என்ன பாட்டு?"

"தாலாட்டு. அவனுக்குத் தூக்கம் வரணும் இல்லையா?"

"அக்கா, அவன் தூங்காவிட்டால் நான் மாட்டிக்கொள்வேனே!"

"உருட்டு. இலக்குப் பதினைந்து."

பகடையில் ஏழு. மூன்று கூட்டிப் பத்து. காவலாளி உறங்கவில்லை, அழத் தொடங்கிவிட்டான். அவன் மகள் நினைவு வந்துவிட்டதாம். இனி அவனை எப்படித் தேற்றுவது என்பது பிள்ளைகளின் பாடு. பகடை பொய்த்த இடத்தில் கதை நின்றுபோகாமல் வேறு வழியில் திரும்பவேண்டும். கட்டியங்காரர் அறிந்திருக்கவேண்டிய கலை இது ஒன்றே. "நடக்கவில்லை" என்று கூறி நிறுத்துபவர் நல்ல கட்டியங்காரர் ஆகார்.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். "மாட்டிக்கொள்வேனே", "தூங்காவிட்டால்", "போகட்டும்" என்னும் சொற்களை ஏவலுக்குப் பணியும் பிள்ளை ஒருபோதும் சொல்ல நேராது. எதிர்காலமும், நிபந்தனையும், வேண்டுகோளும், ஏமாற்றும் நிரம்பிய தமிழ் இது. ஆட்டம் அதனைக் கேட்கிறது, பிள்ளை கொடுக்கிறது.

ஒரு சொல்லுக்கு ஒரு புள்ளி

ஆட்டத்தின் நடுவே பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் வாராது போகும். இந்தியோ ஆங்கிலமோ வந்து விழும். அப்போது திருத்துவதும் கடிந்துகொள்வதும் கூடா. திருத்தப்படும் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்; ஆட்டம் அத்துடன் முடியும். நாம் கைக்கொள்வது ஒரு சிறு விதி: சொல் தெரியாதவர் மேசையைப் பார்த்துக் கேட்கலாம். தமிழ்ச் சொல்லைத் தருபவருக்கும், அதனை வைத்து வாக்கியம் அமைப்பவருக்கும் அடுத்த உருட்டலில் ஒரு புள்ளி கூடுதல்.

இவ்விதி நம் இல்லத்தில் எதிர்பாராத விளைவைத் தந்தது. அண்டைவீட்டுச் சிறுவன் நாம் தமிழில் கேட்டால் இந்தியில் விடை சொல்பவன். கும்பகோணத்திலிருந்து குளிர்காலத்திற்கு வந்திருந்த அவன் பாட்டியார் அவனைத் துணையாக அழைத்துவந்து, ஓரமாக நாற்காலியில் அமர்ந்திருப்பார். பேரனும் பாட்டியும் தம்முள் பேசிக்கொள்வது "காப்பி", "செருப்பு", "போலாமா" என்ற அளவில்தான். ஒரு நாள் வணிகனாகிய அவன் படகுக் கூலியைக் குறைக்க வேண்டியிருந்தது. "மோல்-பாவுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டான். பிள்ளைகள் விழித்தனர். "பேரம்டா, பேரம் பேசறது" என்றார் பாட்டியார், கண்ணைத் திறவாமலே. புள்ளி யாருக்கு என்று சச்சரவு எழுந்தது. பாட்டியார் ஆட்டத்தில் இல்லையே! இறுதியில் படகோட்டியின் மாமியாராக அவரைச் சேர்த்துக்கொண்டனர். அதன்பின் அவன் பேரம் பேசியது அவரோடுதான். அவர் ஒரு காசு குறைக்கவில்லை. "கத்திரிக்காய் வாங்கவே தெரியாது, கப்பல் சரக்கா வாங்கப் போறே?" என்றார். அவன் பத்து நிமிடம் அரைகுறைத் தமிழில் அவரோடு மல்லுக்கு நின்றான். அத்தனை நேரம் அவன் பாட்டியாரோடு தொடர்ந்து பேசி நாம் அதற்குமுன் கண்டதில்லை.

பொம்மைக்கு வண்ணம்

கதையாட்டத்தோடு ஒட்டிப் பிறந்த மற்றொரு பொழுதுபோக்கு, சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டல். மேசைமேல் யார் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டக் கட்டமிட்ட தாளில் சிறு உருவங்களை வைப்பர். ஒரு கட்டம் ஓர் அங்குலம். கதையில் அது ஐந்து அடியைக் குறிக்கும். உருவங்கள் ஏறக்குறைய 28 முதல் 32 மில்லிமீட்டர் உயரம். கட்டைவிரலின் மேற்கணு அளவு. பிரிட்டனில் 1983-இல் வெளியான வார்ஹாமர் என்னும் போராட்டத்திற்குப் பின் இவ்வுருவங்களைத் தீட்டுவதையே தனிக்கலையாகக் கொண்டோர் பெருகினர்.

விலை கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் உருவங்களோடுதான் தொடங்கவேண்டும் என்பதில்லை. முதலில் அட்டையில் ஆளை வரைந்து, அடியை மடித்து நிற்க வைத்தால் போதும். சோழியும் புளியங்கொட்டையும் பகைவர் படையாகலாம். கை பழகியபின் சிறு பிளாஸ்டிக் சிப்பாய்களை வாங்கலாம். உத்தம் நகர்க் குயவர் குடியிருப்பில் கிடைக்கும் சிறு மண்பொம்மைகளும் பயிற்சிக்கு ஏற்றவை. கொலுப் பொம்மைகளை ஆட்டத்திற்கு எடுத்தல் ஆகாது. அவற்றின் இடம் படிதான்.

தீட்டும் முறை வருமாறு. பிளாஸ்டிக் உருவமாயின் சோப்பு நீரில் கழுவி நன்கு உலர்த்தவேண்டும். அச்சின் எண்ணெய்ப் பசை இருந்தால் வண்ணம் பிடிக்காது. அச்சு சேர்ந்த இடத்தில் உள்ள பிசிறைச் சுரண்டி நீக்குக. கத்தி பிடிக்கும் இவ்வேலை பெரியவர்க்குரியது. பின்னர் அடிப்பூச்சு. ஸ்பிரே டப்பாவாயின் மொட்டைமாடியில், முகத்தை மறைத்துக்கொண்டு, காற்று உலர்ந்திருக்கும் நாளில் அடிக்கவேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு பொடிப்பொடியாய்ப் பூத்துப்போகும். தூரிகையால் பூசும் அடிப்பூச்சுக்கு இத்தொல்லை இல்லை. பிள்ளைகளுக்கு அதுவே நன்று.

வண்ணத்திற்கு அக்ரிலிக் போதும். நீரில் கரையும், உலர்ந்தபின் கரையாது. குப்பியிலிருந்து நேரே பூசலாகாது. பீங்கான் தட்டில் சிறிது எடுத்து, பால்போல் ஆகும்வரை நீர் சேர்த்து, மெல்லியதாக இருமுறை பூசவேண்டும். தடித்துப் பூசினால் மூக்கும் விரலும் மூழ்கிப்போகும். உலர்ந்தபின், கருமையான வண்ணத்தை மிகவும் நீர்த்து மேலே ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழல் காட்டும். பின் பழைய தூரிகை ஒன்றில் வெளிர் நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்துவிட்டு, எஞ்சிய வண்ணத்தால் மேடுகளை லேசாக வருடினால் ஒளி விழுந்தாற்போல் தோன்றும். நிழலும் ஒளியும் வந்துவிட்டால் எவ்வளவு எளிய பொம்மையும் உயிர்பெற்றுவிடும்.

கண் வரைவதில் இருவேறு மரபுகள் உண்டு. நம் சிற்பிகள் கண் திறத்தலை இறுதியில் வைப்பர். சிற்றுருவம் தீட்டுவோரிற் பலர் கண்ணை முதலில் வரைந்துவிடுவர். பிசகினால் சுற்றியுள்ள முகத்தைத் தீட்டும்போது சரிசெய்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. விரல்நகம் அளவு முகத்திற்கு இரண்டாம் முறையே உகந்தது.

தூரிகை இரண்டு போதும். நுனி கூரிய 0-ஆம் எண் ஒன்று, 2-ஆம் எண் ஒன்று. அடிப்பட்டை வரை வண்ணம் ஏறவிடாதீர். நீர்க்குவளையில் தலைகீழாக நிறுத்திவைக்காதீர். இவ்விரண்டையும் காத்தால் ஒரு தூரிகை நெடுநாள் உழைக்கும்.

கைத்தேர்ச்சி பெற்ற பிள்ளையிடம் வீட்டுக் கொலுப்பெட்டியைத் திறந்து காட்டலாம். விளாச்சேரியிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ வந்து, ரயிலில் ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணித்து, வண்ணம் உதிர்ந்து நிற்கும் செட்டியாரும் செட்டிச்சியும் அதில் இருப்பர். அவர்களைக் கழுவலாகாது, காகிதக்கூழ் பொம்மை நீர்பட்டால் ஊறிவிடும். உலர்ந்த துணியால் துடைத்து, உதிர்ந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பூச்சு இட்டு, ஒத்த நிறத்தைத் தொட்டால் போதும். முழுப் பொம்மையையும் புதிதாக்கிவிடாதீர். பழைய கைவேலை அதில் மறைந்துபோகும்.

இங்கும் தமிழ் தன் வேலையைச் செய்யும். பிள்ளைகள் நிறங்களை ஆங்கிலத்தில்தான் அறிவர். வீட்டுப் பெண்மணிகளுக்கோ புடவைக்கடை கற்பித்த நிறப்பெயர்கள் பல உண்டு. அரக்கு, கிளிப்பச்சை, மயில்கழுத்து, கத்திரிப்பூ, வெந்தயம், வெங்காயச் சருகு, மாம்பழ மஞ்சள், இசையரசியின் பெயர் தாங்கிய எம். எஸ். நீலம். தட்டில் இரண்டு வண்ணத்தைக் குழைத்து, "இது வெந்தயமா, மாம்பழமா?" என்று பிள்ளையும் அத்தையும் வாதிடும்போது, எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம் ஒன்று நடக்கிறது. சிறு முகங்களில் வண்ணம் எத்தனை விதமாகப் பேசும் என்பதைக் காண விரும்புவோர், கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளை 1965-இல் தில்லியில் நிறுவிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்வாராக.

சில ஐயங்கள்

பூதமும் பேயும் வரும் விளையாட்டால் பிள்ளைகள் கெட்டுவிடுவரோ என்று சிலர் அஞ்சலாம். 1980-களில் அமெரிக்கப் பெற்றோரிற் பலரும் இவ்வாறே அஞ்சினர். பேய்வழிபாட்டுக்கு இட்டுச்செல்லும் என்று இயக்கமே நடத்தினர். அச்சம் மெய்ப்படவில்லை. வேதாளம் சொன்ன கதை கேட்டு வளர்ந்த நாம் பூதத்திற்கு அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் கதையில் எதுவரை செல்லலாம் என்பதைப் பெரியவர் முன்னமே வரையறுப்பது நலம். இரவில் அஞ்சும் சிறு பிள்ளை இருக்குமாயின் இரவுக் கதையை விட்டுவிடுங்கள்.

நேரமில்லையே என்பர் சிலர். இரண்டு மணிநேரம் போதும். மாதம் இருமுறை போதும். கதை கட்டத் தெரியாதே என்பர் சிலர். தொடக்கம் ஒன்று மட்டும் வைத்திருங்கள். மற்றதைப் பிள்ளைகள் கட்டுவர். நமக்குத் தமிழே தடுமாறுகிறதே என்று இளம் பெற்றோர் சிலர் தயங்குவர். அவர்களே முதலில் அமரவேண்டியவர்கள். மேடைத் தமிழ் இங்கே வேண்டா. தஞ்சைத் தமிழும் நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் ஒரே மேசையில் அமரலாம். படகோட்டி நாகர்கோவில்காரனாக இருந்தால் கதைக்குச் சுவை கூடுமேயன்றிக் குறையாது.

இவ்விளையாட்டு எழுதக் கற்பிக்காது. தேர்வில் மதிப்பெண் வாங்கித் தராது. அதற்குப் பள்ளியும் பாடநூலும் உள்ளன. பிள்ளைக்குத் தமிழில் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும்படி செய்வதே இதனால் ஆகக்கூடியது.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டியவை இவை: அரைத்தாள் நான்கு, பென்சில், இருபது சீட்டிட்ட செம்பு ஒன்று, கொறிக்க முறுக்கு. கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். ஊரிலிருந்து பெரியவர் எவரேனும் வந்திருந்தால் அவருக்கும் ஓர் ஆள் கொடுங்கள். தங்கள் பிள்ளைகள் கட்டிய கதை ஏதேனும் சுவையாக அமைந்தால், அதனைப் பிள்ளைகளின் கையாலேயே எழுதுவித்துச் சங்கத்தின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். பிழையிருந்தாலும் திருத்தாமல் அனுப்புங்கள். நாம் படித்து, இடமிருக்கும் அளவுக்கு இப்பகுதியில் வெளியிடுவோம்.